இருநூறு அடிச் சிவப்பு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? மாமாவுக்கு வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்றது விடாம நடக்குதா? முதல்ல அதை எழுது, மத்ததெல்லாம் அப்புறம்.

இதை வக்கீலோட குமாஸ்தா கையில கொடுத்து அனுப்புறேன். கேஸ் கட்டுக்குள்ள செருகிக்கிட்டுப் போயிடுவார். ஜெயில் ஆபீஸ் வழியா போற கடிதத்தை ரெண்டு பேர் உட்கார்ந்து படிக்கிறாங்க. இதை யாரும் படிக்க மாட்டாங்க. அதனால நீயும் மனசு விட்டு எழுது. அவர் பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் வருவார், அதுதான் தபால் நேரம்.

பேப்பர்ல வந்ததுல பாதி பொய். நடந்ததைச் சொல்றேன். புது மேம்பாலத்துச் சுவருக்கு இப்போதைய ஆட்சியோட பச்சை அடிக்கணும், தலைவர் வந்து கயித்தை இழுத்துப் படுதாவைத் திறப்பார்னு ஏற்பாடு. மேஸ்திரி மத்த பெயிண்டர் எல்லாரையும் மேடை வேலைக்கு அனுப்பிட்டு, "உனக்குத்தான் கை நேரா போகும்"னு என்னைச் சுவருக்கு அனுப்பினார். சுவருக்கும் படுதாவுக்கும் நடுவுல நாலடி இடம். ரெண்டு நாள் பகல் முழுக்க அதுக்குள்ள நான் மட்டும்தான். பன்னெண்டு டப்பா. ஒவ்வொண்ணு மேலயும் பச்சைன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. சீட்டைப் படிச்சேன், பூசினேன். பதினெட்டு வருஷமா நகராட்சியில அப்படித்தானே பூசறேன்.

தலைவர் கயித்தை இழுத்தார். இருநூறு அடியும் சிவப்பு. போன ஆட்சியோட சிவப்பு. கூட்டம் மூச்சு விடல. எனக்கு ஒண்ணும் புரியாம ஓரமா நின்னு கை தட்டினேன் அக்கா. எல்லாரும் ஏன் சும்மா நிக்கறாங்கன்னு இன்னும் சத்தமா தட்டினேன். அதைத்தான் டிவியில திரும்பத் திரும்பக் காட்டறாங்களாம்.

கோடவுன்காரன் புதுப் பச்சையை வெளியில வித்துட்டு, சோதனைக்கு யாராவது வந்தா டப்பா குறையக்கூடாதுன்னு மிச்சமிருந்த பழைய சிவப்பை அதுல ஊத்தி வெச்சிருக்கான். அவன் லீவு போட்ட நாள் பார்த்து அவசரத்துல அந்த டப்பாக்களே கிளம்பி வந்துடுச்சு. மேஸ்திரி காதோட காதா சொன்னார். கோர்ட்டுல சொல்ல மாட்டாராம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்காம்.

உடம்பைப் பார்த்துக்கோ. மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி

&nbsp;

ஜனவரி 24

தம்பிக்கு அக்கா எழுதறது.

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். மாமாவுக்கு ஒழுங்கா நடக்குது. என் ஆஸ்பத்திரி ஊழியர் அட்டையைக் காட்டினா அந்த வார்டுல ஜன்னலோரத்து நாற்காலி அவருக்குத்தான். வெளி ஆளுங்க ஆறு மாசம் காத்திருக்காங்க, சில பேர் காத்திருந்தே போய்ச் சேர்ந்துடறாங்க. நாலு மணி நேரம் ஊசியோட உட்கார்ந்துக்கிட்டு எதிர் நாற்காலிக்காரர்கிட்ட வம்பளக்கிறார். நீ சாப்பிடறியா? இருமல் எப்படி இருக்கு? ஒளிக்காம எழுது.

கை தட்டினியாமே! டிவியில பார்த்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எதிர்வீட்டுக்காரம்மா, "உங்க தம்பிக்கு என்ன தைரியம்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. அன்னையிலிருந்து பேச்சு கிடையாது. சிவப்புக் கட்சிக்காரங்க நாலு பேர் வந்தாங்க. சுவர் வீரனோட அக்காவாம் நான், படம் எடுத்துக்கணுமாம். உன் முகத்தைப் போட்டுப் போஸ்டர் அடிச்சிருக்காங்க. "உங்க பெரிய வக்கீலை வெச்சு அவனுக்கு நிறம் தெரியாதுன்னு வாதாடுங்களேன்"னேன். முகம் தொங்கிடுச்சு. வீரனுக்குச் சிவப்பு எதுன்னே தெரியாதுன்னா கட்சிக்கு அசிங்கமாம். அதனாலதான் உனக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீலே கதி.

உன் மேல போட்டிருக்கிற சட்டத்துல ஏழு வருஷம் வரைக்கும் போடலாமாம். பொது இடத்துல பழைய நிறம் பூசறது தேசத்துரோகம். "கண்ணு உள்ள எவனும் முதல் இழுப்புலயே கண்டுபிடிச்சிருப்பான்"னு அரசு வக்கீல் பேட்டி கொடுத்திருக்கார். அவர் சொல்றது சரிதான். ஆனா உனக்குப் பச்சையும் சிவப்பும் காய்ஞ்ச மண்ணு மாதிரிதான் தெரியும்னு இந்த உலகத்துல நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும், மூணாவதா மாமாவுக்கு. வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனையில நீ எப்படித் தேறினேங்கறது எனக்கும் உனக்கும் மட்டும்தான்.

போர்வை ஒண்ணு அனுப்பியிருக்கேன். குமாஸ்தாகிட்ட வாங்கிக்கோ.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை வந்துச்சு. இருமல் பரவாயில்ல. மாமா வம்பளக்கிறார்னு படிச்சதும் எனக்குப் பாதி பலம் வந்துடுச்சு.

என் அறையில புதுசா ஒருத்தரைப் போட்டிருக்காங்க. அச்சாபீஸ் வெச்சிருந்தவர், போஸ்டர்காரர்னு கூப்பிடறோம். விலை மலிவா கிடைச்சதுன்னு சிவப்பு மையில கல்யாணப் பத்திரிகை அடிச்சதுக்கு உள்ள வந்திருக்கார். பாவம், மாப்பிள்ளையும் உள்ளதான் இருக்கான், மூணாவது பிளாக்ல.

இவருக்கு நிறம்தான் மூச்சு. எந்நேரமும் அதே பேச்சு. கடல் நத்தையைக் கொன்னு எடுத்த ஊதாவை ராஜாவைத் தவிர யாரும் போடக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சாம். ஒரு பழைய ராஜதானியில குதிரை வண்டிப் பந்தயம் பார்க்க வந்த கூட்டம் நீலம், பச்சைன்னு ரெண்டா பிரிஞ்சு, கடைசியில ஊரையே கொளுத்தி ஆயிரக்கணக்குல செத்தாங்களாம். ஒரு நாட்டுல பணக்காரக் கட்சிக்கு நீலம், இன்னொரு நாட்டுல அதே மாதிரிக் கட்சிக்குச் சிவப்பு. அங்க டிவிக்காரங்க ஓட்டு எண்ற அன்னைக்குப் படத்துல பூசினதே நிலைச்சுப் போச்சாம். "அப்போ நிறத்துக்குன்னு அர்த்தமே கிடையாதா?"ன்னேன். "யார் எப்போ கையில பிடிச்சாங்கங்கறதுதான் அர்த்தம்"னார். நான் மண்டையை மண்டையை ஆட்டறேன். என்கிட்ட வந்து நிறத்தைப் பத்திப் பேசறாரே மனுஷன்! சிரிப்பை அடக்க முடியல.

வக்கீல் வந்தார். எல்லாத்தையும் சொல்லிட்டேன், அந்தக் கண் பரிசோதனைப் புள்ளிப் புத்தகத்தைத் தவிர. நிறக்குருடுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டா கேஸ் நிக்காது, வேலை மட்டும்தான் போகும்னார். போகட்டும். கோர்ட் ஒரு கண் டாக்டரை இங்கயே அனுப்பப் போகுது. நம்பிக்கையா இரு.

தம்பி

&nbsp;

மார்ச் 2

தம்பிக்கு,

நாங்க நலம். மாமாவுக்குப் போன வாரம் கால் வீங்கினது, இப்ப வடிஞ்சிருக்கு. டாக்டர் வருவார்னு படிச்சதும் மூணு மாசத்துக்கப்புறம் நேத்துதான் ஒழுங்கா தூங்கினேன்.

ஊர் கோலத்தைக் கேளு. குப்பைத் தொட்டி, பஸ்ஸு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டு எல்லாம் பச்சை. தீயணைப்பு வண்டியும் பச்சை. போன வாரம் அது மணியடிச்சுட்டு வந்தப்போ தண்ணி லாரின்னு நினைச்சு யாரும் வழி விடல. எங்க கண் பிரிவுல சிவப்புத் திரைச்சீலையை எல்லாம் கழட்டி மூட்டை கட்டியாச்சு. சிக்னல்ல மட்டும் சிவப்பை விட்டு வெச்சிருக்காங்க, ஜனங்களை நில்லுன்னு சொல்ல அது வேணுமாம். தக்காளிக்குத்தான் இன்னும் யாரும் பச்சை அடிக்கல.

தெருமுனைத் தண்ணித் தொட்டியில பெயிண்ட் உரிஞ்ச இடத்தை நின்னு பார்த்தேன். மேல பச்சை, அதுக்குள்ள சிவப்பு, அதுக்குள்ள நீலம், அடியில மறுபடியும் பச்சை. அடியில இருக்கிற பச்சை அப்பா காலத்துது. அப்போ அது ஆலைக்காரங்க போராட்டத்து நிறம். பச்சைத் துண்டு போட்டிருந்தார்னு அவரைத் தெருவுல போட்டு அடிச்சாங்களே, அவர் முட்டி கடைசி வரைக்கும் மடங்கவே இல்லையே. அந்தப் பச்சையேதான் இப்ப ஆட்சி நாற்காலியில உட்கார்ந்திருக்கு. பச்சை போட்டதுக்கு அப்பாவுக்கு அடி, பச்சை பூசாததுக்கு உனக்கு ஜெயில். நம்ம குடும்பத்துக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் உதைதான்.

டாக்டர்கிட்ட பயப்படாம பேசு. கண்ணுல பட்டதை மட்டும் சொல்லு. மாமா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அக்கா

&nbsp;

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா கால் எப்படி இருக்கு?

டாக்டர் நேத்து வந்தார். நிறப் புள்ளிகளுக்குள்ள எண் ஒளிஞ்சிருக்கிற அதே புள்ளிப் புத்தகம். திறந்த உடனே எனக்கு நம்ம சமையலறைதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு இருபத்திரண்டு வயசுல, கண் பிரிவு அலமாரியிலிருந்து ரெண்டு நாளைக்கு நீ அதை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தியே, சமையலறையில உட்கார வெச்சு வாய்ப்பாடு மாதிரி உருப் போட வெச்சியே. பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது, அம்பத்தேழு. எந்தப் பக்கத்துக்கு எந்த எண்ணுன்னு இன்னும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். வந்துடக்கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் தெரியல, தெரியலன்னேன். முதல் பக்கத்துக்கும் தெரியலன்னுட்டேன். அந்தப் பன்னெண்டு நிறக்குருடனுக்கும் தெரியுமாம் அக்கா. அது யாருக்கும் தெரிய வேண்டிய பக்கமாம். அது எனக்கும் தெரிஞ்சுதுதான், ஆனா எது கண்ணால பார்த்தது, எது நீ சொல்லிக் கொடுத்ததுன்னு அந்த நேரத்துல பிரிக்க முடியல.

டாக்டர் புத்தகத்தை மூடிட்டார். வேலைக்குச் சேர்ந்தப்போ வாங்கின சான்றிதழை எடுத்துக் காட்டினார். எல்லாப் பக்கமும் சரின்னு அதுல இருக்கு. "இது பிறவிக் குறை. இருபத்திரண்டு வயசுல இல்லாதது நாற்பதுல வராது"ன்னார். நடிக்கிறார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். வக்கீல் படிச்சுட்டு நாற்காலியில சாய்ஞ்சுட்டார். அந்தப் பழைய சான்றிதழ் பொய்னு நிரூபிக்கணும், இல்லேன்னா ஏழு வருஷம் நிச்சயம்னார்.

அக்கா, அது பொய்னு சொல்ல ஒரே ஆள்தான் இருக்கு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கேக்காம இருக்கவும் முடியல. ஏழு வருஷம்னா நான் இங்கயே முடிஞ்சுடுவேன். நீ கோர்ட்டுல வந்து சொல்வியா?

தம்பி

&nbsp;

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? குமாஸ்தா மூணு தடவை வந்துட்டுப் போயிட்டார், உன்கிட்டயிருந்து ஒண்ணும் இல்ல. "நேர்ல பார்த்தேன், நல்லா இருக்காங்க"ன்னு மட்டும் சொன்னார்.

நான் கேட்டதை மறந்துடு. அன்னைக்கு ஏதோ காய்ச்சல்ல எழுதிட்டேன். மாமாவுக்கு எப்படி இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுது, போதும். கோபமா?

தம்பி

&nbsp;

மே 8

தம்பிக்கு,

கோபம் இல்லடா. எந்த முகத்தோட எழுதறதுன்னு தெரியல, அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த மறுநாளே வக்கீல் ஆபீசுக்குப் போனேன். மாடியில இருக்கு. பாதிப் படி ஏறிட்டுத் திரும்பி வந்துட்டேன். மறுபடி ஒரு நாள் போனேன். அன்னைக்குக் கதவு வரைக்கும் போயிட்டேன், உள்ள அவர் யாரையோ சத்தம் போட்டுக்கிட்டிருந்தார், அதையே சாக்கா வெச்சுக்கிட்டு இறங்கி வந்துட்டேன். கோழை நான். நீயே சொல்லிக்கோ.

நான் வாயைத் திறந்தா அன்னைக்கே வேலை போயிடும், அட்டை போயிடும், நானும் உள்ள வருவேன். நான் வர்றது பெருசில்ல. மாமாவோட நாற்காலி போயிடும். ஒரு வாரம் நிறுத்தினா என்ன ஆகும்னு அங்க வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? உன்னைக் காப்பாத்தினா அவரைக் கொல்லணும், அவரைக் காப்பாத்தினா உன்னைக் கைவிடணும். ரெண்டு பேருல யாருன்னு என்னைக் கேட்டா நான் என்னடா சொல்லுவேன்? அவருக்கு இது எதுவும் தெரியாது. "தம்பி கேஸ் என்னாச்சு?"ன்னு தினமும் கேக்கறார். நல்லபடியா போகுதுன்னு சொல்றேன்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்த என் கையை வெட்டணும். உனக்கு நல்லது பண்றதா நினைச்சேன்.

சாப்பிடாம இருக்காதே.

அக்கா

&nbsp;

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அழாம படி.

கையை வெட்டறதெல்லாம் வேண்டாம், அந்தக் கைதான் பதினெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டுது. அப்பா போனதுக்கப்புறம் தெருவுல சுத்திக்கிட்டிருந்த என்னை நகராட்சிச் சட்டை போட வெச்சது நீ. அதுக்கு மேல நான் உன்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது. கேட்டது என் தப்பு.

வக்கீல்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். எங்க அக்காவைக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டா அவ பொய் சொல்றான்னு நானே எழுந்து சொல்லுவேன்னேன். முறைச்சுட்டுப் போயிட்டார். மாமாவை நல்லா பார்த்துக்கோ. அந்த மனுஷன் என்னைச் சைக்கிள் பின்னால உட்கார வெச்சு எத்தனை வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்! ஜன்னலோர நாற்காலி அவருக்கு இருக்கணும்.

போஸ்டர்காரர் போன வாரம் வெளியே போயிட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார், பச்சை மையில. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னார். முன்னொரு காலத்துல ஒரு நாட்டுல, கூட்டம் கலையலன்னா சுடப் போறோம்னு அறிவிக்க அரசாங்கமே சிவப்புக் கொடி ஏத்துமாம். ஏத்தினாங்க, சுட்டாங்க, நிறைய பேர் செத்தாங்க. அப்புறம் வந்த போராட்டத்துல செத்தவங்களோட ஆளுங்க அதே கொடியைத் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்களாம். "நாளைக்கு உன் சுவரையும் யாராவது எதுக்காவது எடுத்துப்பாங்க, கவலைப்படாதே"ன்னார். எதுக்கு எடுத்துக்கிட்டா எனக்கென்ன? அந்தச் சுவர் என்ன நிறத்துல இருந்துச்சுன்னு நான் கடைசி வரைக்கும் பார்க்கப் போறதில்ல.

விசாரணை ஜூன் 27. நீ வர வேண்டாம். கூட்டம் இருக்கும்.

தம்பி

&nbsp;

ஜூன் 16

தம்பிக்கு,

நலம். இங்க எல்லாம் வழக்கம் போலத்தான். மாமா நல்லா இருக்கார். உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார்.

27-ம் தேதி தைரியமா இரு. எதுவும் பேசாதே, வக்கீல் பேசட்டும். அவர் சொல்றபடி கேளு. வேற எதையும் நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. துவைச்ச சட்டை ஒண்ணு அனுப்பியிருக்கேன், அதைப் போட்டுக்கோ.

கை வலிக்குது, அதிகம் எழுதல.

அக்கா

&nbsp;

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கேன், நிஜமாத்தான். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசா இருக்கு. நீ அனுப்பின சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

இந்நேரம் கேள்விப்பட்டிருப்பே. ஆறு வருஷம். நீ திட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இது திடீர்னு எடுத்த முடிவு இல்ல. வக்கீல் இந்தத் தடவை அந்தப் பழைய சான்றிதழை விடாம பிடிச்சிருந்தார். அதை யார் கொடுத்தா, அப்போ கண் பிரிவுல யார் யார் வேலை பார்த்தாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டிருக்கார்னு குமாஸ்தா உளறிட்டார். எனக்கு உசிரே போயிடுச்சு. தோண்டினா நீதானே வருவே? அதனால நீதிபதி உட்கார்ந்து "குற்றச்சாட்டுக்கு என்ன சொல்றே?"ன்னு கேட்ட உடனே எழுந்துட்டேன். "எனக்குக் கண்ணு நல்லா தெரியும். சிவப்புன்னு தெரிஞ்சேதான் பூசினேன். டாக்டர் சொன்னது சரி, நான் நடிச்சேன்"னு சொல்லிட்டேன். வக்கீல் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். உட்காரவே இல்ல நான். ஒப்புக்கிட்டதுக்கு ஒரு வருஷம் குறைச்சாங்க. வெளியே சிவப்புக் கட்சிக்காரங்க கத்தினதைக் கேட்டிருக்கணும் நீ! என்னை நிஜமாவே வீரன்னு நினைச்சுட்டாங்க.

இனிமே சான்றிதழைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நீ நிம்மதியா வேலைக்குப் போ. மாமாவோட நாற்காலியில யாரும் கை வைக்க முடியாது. ஆறு வருஷம் கழிச்சு நான் வர்றப்போ அவர் அந்த ஜன்னலோரத்துல உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணணும். அதை நினைச்சுக்கிட்டேதான் நின்னேன்.

ஒண்ணு மட்டும் புரியல. குமாஸ்தா நேத்து என் முகத்தைப் பார்க்கவே இல்ல. தலையில அடிச்சுக்கிட்டே போனார். அவர்கிட்ட கேட்டுச் சொல்லு.

தம்பி

&nbsp;

ஜூலை 14

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? வேற இடத்துக்கு மாத்தப் போறதா குமாஸ்தா சொன்னார். மாத்தறதுக்குள்ள இது உன் கைக்கு வரணும்.

உன் கடிதத்தைப் பதினஞ்சு நாளா மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மாமாவோட நாற்காலின்னு எழுதியிருக்கே. அது ஜூன் மாசம் ஏழாம் தேதியே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. அன்னைக்குக் காலையில ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல அவர் நெஞ்சு நின்னுடுச்சு. நான் கீழே டோக்கன் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். ஓடிப் போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. எதிர் நாற்காலிக்காரர் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தார்.

"நல்லா இருக்கார், உன்னைக் கேட்டார்"னு நான் எழுதினப்போ அவர் போய் ஒன்பது நாள்.

ஏன் ஒளிச்சேன்னு கேப்பே. எட்டாம் தேதி சாயங்காலம் அவரைச் சுடுகாட்டுல கொண்டு போய் விட்டுட்டு, அந்தத் துணியோடவே வக்கீல் ஆபீஸ் படியேறினேன். எல்லாப் படியும் ஏறினேன். இனிமே எனக்கு இழக்க ஒண்ணும் இல்ல, என் தம்பியை மட்டும் கொடுங்கன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், புத்தகத்தை எடுத்தது, உருப் போட வெச்சது, எல்லாம். சான்றிதழைப் பத்தி ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதிக் கேட்டது என் பேச்சுக்கு ஆதாரம் தேடத்தான். "உங்க தம்பிகிட்ட மூச்சு விடாதீங்க, தெரிஞ்சா எழுந்து கெடுத்துடுவான்"னு அவர் சொன்னார். மாமா போனது தெரிஞ்சா நான் சாட்சி சொல்ல வருவேன்னு நீ கண்டுபிடிச்சுடுவே. அதனால அதையும் மறைச்சேன். குமாஸ்தாகிட்ட சத்தியம் வாங்கினேன். நீ உடைஞ்சு போகாம நிமிர்ந்து நிக்கணும்னும் நினைச்சேன்.

27-ம் தேதி நான் கோர்ட்டுலதான் இருந்தேன். சாட்சிங்க உள்ள உட்காரக்கூடாதாம். வராந்தா பெஞ்சுல, கதவுக்கு நேரா. என் பேரைக் கூப்பிட்டா எழுந்து போகணும்னு காலைத் தரையில அழுத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் குரல் கேட்டுச்சு, நீ என்ன சொல்றேன்னு புரியல. அப்புறம் வாசல்ல கூட்டம் கத்தினது கேட்டுச்சு. விடுதலை ஆயிடுச்சுன்னு நினைச்சேன்டா. சாட்சி சொல்லாமலே விட்டுட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன். நானும் எழுந்து நின்னு சிரிச்சேன்.

யாருக்காக நீ ஆறு வருஷம் வாங்கினியோ அவர் போய் இருபது நாள் ஆகியிருந்துச்சு.

வக்கீல்கிட்ட போய்க் காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். "அவரே ஒப்புக்கிட்டார், இனிமே நீங்க சொல்றது தம்பியைக் காப்பாத்த அக்கா சொல்ற பொய்னுதான் எடுத்துப்பாங்க"ன்னார். விடாம ஆஸ்பத்திரி அதிகாரியைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். படிச்சுட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டார். "துக்கத்துல இருக்கீங்க, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க"ன்னார். சிவப்புக் கட்சி ஆபீசுக்கும் போனேன். அவங்களுக்கு நீ வீரனாவே இருக்கணுமாம். என்னை யாரும் வேலையை விட்டு நீக்கல. அட்டை கூட என்கிட்டதான் இருக்கு. தினமும் எட்டு மணிக்குப் போறேன், டோக்கன் கூப்பிடறேன், சொட்டு மருந்து விடறேன், வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாம உட்கார்ந்திருக்கேன்.

நான் ஒரே ஒரு வரி உண்மையா எழுதியிருந்தா நீ இந்நேரம் என் முன்னால உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பே.

பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி, என்ன வேணா எழுது, ஆனா எழுது.

அக்கா